ஃபோனும் நிறைந்துவிட்டது, கூகுளும் நிறைந்துவிட்டது: படங்களை இழக்காமல் இடம் விடுவிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: 128 ஜிபி ஆண்ட்ராய்டு ஃபோன், 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. கூகுள் கணக்கின் 15 ஜிபியும் தீர்ந்துபோய், இனி மெயில் வராது என்று எச்சரிக்கை வருகிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இந்த இரண்டில்தான் இருக்கின்றன. மனைவியிடம் ஐஃபோன். வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப் உண்டு. எதை நீக்கலாம், எங்கே எடுத்து வைக்கலாம், மாதாமாதம் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் வேலையின் வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்த நகல் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் பிறகுதான் நீக்க வேண்டும். முடிந்தால் மூன்றையும் வெவ்வேறு நாளில் செய்யுங்கள். அழிந்துபோன தரவை மீட்டுத் தரும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: படங்களைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஃபோன் உடைந்திருக்காது, திருடும் போயிருக்காது. இடம் காலி செய்யலாம் என்று உட்கார்ந்த ஒரு மாலையில் அவர்கள் கையாலேயே நீக்கியிருப்பார்கள். இன்றைய ஃபோன்களில் உள்சேமிப்பு முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக இருக்கிறது. குப்பைத்தொட்டியிலிருந்தும் போய்விட்ட படத்தை வெளியிலிருந்து ஒரு மென்பொருள் போட்டு மீட்பது அநேகமாக நடக்காது. கேமராவின் மெமரி கார்டு வேறு விஷயம். அதில் எதையாவது தவறி நீக்கிவிட்டால் உடனே கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும், அதன்மேல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பல நேரம் கைகொடுக்கும். ஃபோனில் அந்த வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைக்கே மூச்சு விட வேண்டும் என்றால் படங்களைத் தொடாமலேயே கொஞ்சம் இடம் கிடைக்கும். வாட்ஸ்அப்பைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போங்கள். 'பலமுறை ஃபார்வர்டு ஆனவை', '5 எம்பிக்கு மேல்' என்று அதுவே பிரித்துக் காட்டும். காலை வணக்கப் படங்கள், குடும்பக் குழுவில் சுற்றும் சமையல் வீடியோக்கள், யாரோ அனுப்பிய திரைப்படக் காட்சிகள் எல்லாம் இங்கே இருக்கும். ஒரு குழுவில் யாராவது அனுப்பிய உங்கள் குழந்தையின் படமும் இதே இடத்தில்தான் இருக்கும் என்பதால், குழு குழுவாகப் பார்த்து நீக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தேர்வு செய்யாதீர்கள். அப்புறம் யூடியூபிலும் ஓடிடி செயலிகளிலும் இறக்கி வைத்த படங்கள், 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் ஒரே பிடிஎஃப் மூன்று முறை. இவற்றைக் களைந்தாலே சில ஜிபி திரும்பக் கிடைக்கும், அடுத்த வேலையை அவசரமில்லாமல் செய்யலாம்.

அடுத்து, இடத்தை உண்மையில் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படங்கள் அல்ல, வீடியோக்கள். ஐஃபோன் தன் அமைப்புப் பக்கத்திலேயே கணக்கு கொடுத்திருக்கிறது: ஒரு நிமிட வீடியோ 1080பி, 30 ஃப்ரேமில் எடுத்தால் சுமார் 60 எம்பி, அதையே 4கே, 30 ஃப்ரேமில் எடுத்தால் 170 எம்பி, 4கே, 60 ஃப்ரேம் என்றால் 400 எம்பி. இது புதிய, சுருக்கம் அதிகமான வடிவத்துக்கான கணக்கு. பழைய வடிவத்தில் இன்னும் கூடும். பள்ளி ஆண்டு விழாவில் பத்து நிமிடம் 4கேயில் எடுத்தால் 1.7 ஜிபி. ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் பிடிக்கும் இடம் அது. ஆயிரக்கணக்கான படங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்குவதைவிட, அளவு வாரியாக வரிசைப்படுத்தி மேலே வரும் ஐம்பது வீடியோக்களைக் கவனிப்பது பலன் தரும். கூகுள் போட்டோஸில் சேமிப்பிடம் நிர்வகிக்கும் பக்கத்தில் 'லார்ஜ் போட்டோஸ் அண்ட் வீடியோஸ்' என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது.

இனி, மிக அதிகக் குழப்பம் இருக்கிற இடத்துக்கு வருவோம். கூகுள் போட்டோஸில் 'பேக்கப் ஆன்' என்று இருப்பதால் படங்கள் பத்திரம் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஃபோனிலும் கிளவுடிலும் (கூகுளின் இணையச் சேமிப்பிலும்) இருப்பது ஒரே நூலகத்தின் இரண்டு முகங்கள். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தைத் தேர்ந்து சாதாரண 'டெலீட்' கொடுத்தால், ஃபோனிலிருந்தும் போகும், கிளவுடிலிருந்தும் போகும், அதே கணக்கில் இணைத்திருக்கும் டேப்லெட்டிலிருந்தும் போகும். ஐஃபோனில் ஐகிளவுட் போட்டோஸும் அப்படித்தான்: ஒரு இடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும். இதற்குப் பெயர் ஒத்திசைவு. நீங்கள் தவறாகச் செய்ததையும் அது உண்மையாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீங்கள் ஒரு பக்கம் தவறு செய்தாலும் மறு பக்கம் அசையாமல் நிற்பதுதான் காப்பு நகல்.

ஃபோனில் மட்டும் இடம் விடுவிக்க கூகுள் போட்டோஸில் தனி வசதி இருக்கிறது. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பது அது. ஏற்கெனவே கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த படங்களை மட்டும் ஃபோனிலிருந்து எடுத்துவிடும். கிளவுடில் அப்படியே இருக்கும். நல்ல வசதிதான். ஆனால் இதிலிருந்துதான் பெரிய விபத்தும் தொடங்குகிறது. இன்று 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' அழுத்துகிறோம், ஃபோன் காலியாகிறது, நிம்மதி. ஆறு மாதம் கழித்து கூகுளின் 15 ஜிபி நிறைகிறது. 'படங்கள்தான் ஃபோனில் இருக்கின்றனவே, கூகுளில் இருப்பதை நீக்குவோம்' என்று நீக்குகிறோம். ஃபோனில் அவை இல்லை என்பது மறந்துபோயிருக்கும், ஏனென்றால் கூகுள் போட்டோஸ் செயலி இரண்டையும் கலந்து ஒரே வரிசையில்தான் காட்டும். நீக்கியவை 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். கிளவுடுக்கே போகாத படம் என்றால் 30 நாள்தான். ஐஃபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' 30 நாள் வைத்திருக்கும். அந்தக் காலம் தாண்டி, அடுத்த பிறந்தநாளுக்குப் பழைய படத்தைத் தேடும்போதுதான் வீட்டில் தெரியவரும்.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனிலிருந்து ஒரு படம் போக வேண்டுமானால், ஃபோன் தவிர இன்னும் இரண்டு இடத்தில் அது இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று, எந்தச் செயலியும் தானாகத் தொட முடியாத இடமாக, அதாவது கழற்றி பீரோவில் வைக்கிற டிஸ்க்காக இருக்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதுதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினித் துறையே பிறகு அதை எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பத்துக்கு அதைவிடச் சிக்கலான ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

டிஸ்க் வாங்குவது பற்றி. உங்களுக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இரண்டு போதும். ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். ஒற்றை டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஃபோனைக் காலி செய்தால் உங்களிடம் மறுபடியும் ஒரே பிரதிதான் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடலாக வேண்டாம். வேறு நிறுவனமாக இருந்தால் ஒரே குறை இரண்டிலும் இருக்கும் ஆபத்து குறையும். விண்டோஸில் இணைத்தால் 931 ஜிபி என்று காட்டும்; அது ஏமாற்று அல்ல, எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ், வாங்கலாமா என்று கேட்பீர்கள். வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும், எல்லாம் சரி. ஆனால் மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் வெயில் ஏறும் அறையில் வைத்தால் எஸ்எஸ்டியில் தரவு மெல்ல மங்கிப்போக வாய்ப்புண்டு. பீரோவில் வைத்து எப்போதாவது எடுக்கிற வேலைக்கு நான் ஹார்டு டிஸ்க்கைத்தான் சொல்வேன். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது இணைத்துச் சுழலவிட்டு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 'குட்' என்று காட்டுகிறதா பாருங்கள். 'காஷன்' என்று வந்தால் அன்றே புது டிஸ்க் வாங்கி நகல் எடுத்துவிட வேண்டும்.

பென்டிரைவை நம்பிப் படங்களை வைக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று ஆன்லைனில் விற்பவை போலி. கணினிக்கு 2 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபிதான். அதற்கு மேல் காப்பி செய்தவை பெயர் மட்டும் தெரியும், திறக்காது. எந்த டிரைவ் வாங்கினாலும் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு அதன்பிறகு படங்களைப் போடுங்கள்.

இப்போது நகல் எடுப்பது. ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிளில் இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தால், டிசிஐஎம் என்ற கோப்புறைக்குள் 'கேமரா' இருக்கும். நீங்கள் எடுத்தவை எல்லாம் அங்கே. வாட்ஸ்அப் படங்கள் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே இருக்கும். காப்பி மட்டும் செய்யுங்கள். ஒருபோதும் 'கட்' கொடுக்காதீர்கள். பாதியில் கேபிள் ஆடினால் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை என்று ஆகும். மொத்தத்தையும் ஒரே இழுப்பில் போடாமல், தேதி வாரியாக வரிசைப்படுத்தி ஆறு மாதம் ஆறு மாதமாகக் காப்பி செய்தால் நடுவில் நின்றாலும் எங்கே நின்றது என்று தெரியும். சார்ஜரோடு வந்த கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகம்தான். நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் போகாது. 60 ஜிபிக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வரும், சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கும் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

ஐஃபோனில் இரண்டு சிக்கல். லேப்டாப்பில் இணைத்துக் காப்பி செய்யும்போது நடுவில் 'டிவைஸ் வேலை செய்யவில்லை' என்கிற மாதிரி ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். கேபிளைக் குற்றம் சொல்ல வேண்டாம். போட்டோஸ் அமைப்பில், கீழே 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ஐஃபோன், இடம் குறைவாகப் பிடிக்கும் தன் ஹெச்இஐசி வடிவப் படங்களை ஒவ்வொன்றாக ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும், நடுவில் திணறும். இரண்டாவது இதைவிட முக்கியம். ஐகிளவுட் போட்டோஸில் 'ஆப்டிமைஸ் ஐஃபோன் ஸ்டோரேஜ்' ஆன் செய்திருந்தால் அசல் படங்களில் பல ஃபோனிலேயே இருக்காது. சின்ன முன்னோட்டம் மட்டும் இருக்கும். கேபிளில் எடுத்தால் அவை வராது, வரவில்லை என்று எந்தச் செய்தியும் காட்டாது. அப்படியென்றால் லேப்டாப் உலாவியில் ஐகிளவுட் தளத்தைத் திறந்து இறக்க வேண்டும்; அங்கே ஒரு தடவைக்கு ஆயிரம் படம் வரைதான். மொத்தமாக வேண்டுமென்றால் ஆப்பிளின் தனியுரிமைத் தளத்தில் உங்கள் தரவின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கூகுளில் மட்டும் இருக்கிற பழைய படங்களை இறக்க, உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் என்ற சேவை இருக்கிறது. 'கூகுள் போட்டோஸ்' மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளும் 'போட்டோஸ் ஃப்ரம் 2019', 'போட்டோஸ் ஃப்ரம் 2020' என்று வருடக் கோப்புறைகளை மட்டும் எடுத்தால் போதும். ஆல்பங்களையும் சேர்த்தால் ஒரே படம் இரண்டு முறை வரும். ஜிப் ஃபைலின் அளவை 10 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டு இணையத்துக்கு 50 ஜிபி ஃபைல் நடுவில் அறுந்தால் வெறுத்துப்போகும். இறக்கும் சுட்டி ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். இறக்கிய பின் படங்களுக்குப் பக்கத்தில் ஜேசன் என்று சின்னச் சின்ன ஃபைல்கள் கிடப்பதைப் பார்ப்பீர்கள். குப்பை என்று நீக்கிவிடாதீர்கள். நீங்கள் கூகுளில் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு, இடம் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. விண்டோஸில் எல்லாப் படங்களும் இன்றைய தேதியில் காட்டினாலும் பயம் வேண்டாம். கேமராவில் எடுத்த படம் என்றால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கும்.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களுக்கு அந்தத் தகவல் கிடையாது. அனுப்பும்போதே வாட்ஸ்அப் அதை உரித்துவிடும், படத்தையும் சுருக்கிவிடும். ஆண்ட்ராய்டில் அவற்றின் பெயரில் இருக்கும் எண்தான் ஒரே தடயம்: 20230514 என்று இருந்தால் 2023 மே 14. அதனால் அந்த ஃபைல்களுக்குப் பெயர் மாற்றாதீர்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் சித்தப்பா எடுத்த நல்ல படம் உங்களுக்கு வேண்டுமென்றால், அதை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசல் அப்படியே வரும்.

காப்பி முடிந்ததும் சரிபார்ப்பு. இதை விட்டுவிட்டு நேராக நீக்கப் போகிறவர்கள்தான் அதிகம். முதலில் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு வருடத்திலிருந்தும் சில படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோக்களை ஆரம்பத்தில் மட்டும் பார்க்காமல் கடைசி நிமிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். பாதியில் அறுந்த வீடியோ முதல் பாதியில் நன்றாகத்தான் ஓடும். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவது டிஸ்க்குக்கு நகல் எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் நல்லது. அதில் ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அதில் 'மிரர்' முறையைத் தேர்ந்தால் முதல் டிஸ்க்கில் இல்லாதது இரண்டாவதிலிருந்தும் நீக்கப்படும். நீங்கள் 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். புதியதைச் சேர்க்கும், எதையும் நீக்காது. முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு டிஸ்க்கை எடுங்கள்.

இரண்டாவது டிஸ்க் வீட்டில் இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் தரைத்தளத்தில் இருந்த ஆல்பமும் கணினியும் ஒன்றாக நனைந்தன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அதே கதை. இரண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் தண்ணீருக்கு அவை ஒன்றுதான். மாமனார் வீடு, அண்ணன் வீடு, அலுவலக மேசை இழுப்பறை, எதுவானாலும் சரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது பழையதை எடுத்து வந்து புதியதை வைத்துவிட்டு வரலாம். ஊருக்குப் போகவே முடியாது என்கிறவர்களுக்குக் கிளவுடுக்குப் பணம் கட்டுவது நியாயமான செலவு. வீட்டுக்கு வெளியே இருக்கும் பிரதி என்ற வேலையை அது நன்றாகவே செய்யும், அதை ஒரே பிரதியாக நம்பாத வரை.

இனி உங்கள் 15 ஜிபி. அது படங்களுக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் அரட்டைக் காப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான் வருகிறது, முன்பு வராமல் இருந்தது. வாட்ஸ்அப் காப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டாலே பலருக்குப் பல ஜிபி திரும்ப வரும். ஜிமெயிலில் பெரிய இணைப்புகள் உள்ள பழைய மெயில்களைத் தேடி நீக்குங்கள். பிறகு போட்டோஸில், 'டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப் இமேஜஸ், ஸ்கிரீன்ஷாட்ஸ் இரண்டையும் காப்பிலிருந்து நிறுத்துங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2021 ஜூன் 1க்கு முன்னால் 'ஹை குவாலிட்டி' அமைப்பில் ஏற்றிய படங்கள் 15 ஜிபி கணக்கிலேயே வராது. அவற்றை நீக்கினால் ஒரு எம்பிகூட மிச்சமாகாது, படம்தான் போகும். கணக்கில் வருவது அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றியவையும், 'ஒரிஜினல்' தரத்தில் ஏற்றியவையும்தான். படத்தைத் திறந்து மேலே தள்ளினால் அது எவ்வளவு இடம் எடுக்கிறது, எந்தத் தரத்தில் இருக்கிறது என்று காட்டும். அசல்கள் இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது உறுதியான பிறகு, கணினியில் கூகுள் போட்டோஸ் அமைப்பைத் திறந்து 'ரெகவர் ஸ்டோரேஜ்' கொடுத்தால், கிளவுடில் இருப்பவை 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்துக்குச் சுருங்கும்: படங்கள் 16 மெகாபிக்சல் வரை, வீடியோ 1080பி வரை. ஃபோனில் பார்க்கவும் சாதாரண அளவில் அச்சிடவும் இது தாராளம். திரும்ப அசலாக்க முடியாது என்பதால் டிஸ்க் வேலை முடியாமல் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

டிஸ்க்கில் அடுக்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வருடத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் '2024-01-15 பொங்கல் மதுரை', '2024-06 பள்ளி முதல் நாள்' என்று தேதியை முன்னால் வைத்துப் பெயர். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். மனிதர்கள் வாரியாக, ஊர் வாரியாகப் பிரிக்கத் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் நின்றுபோகும். ஆளை, இடத்தை வைத்துத் தேடுவதை மென்பொருளுக்கு விட்டுவிடுங்கள். டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் முகங்களையும் அடையாளம் காணும்.

களை எடுப்பதை ஃபோனின் சின்னத் திரையில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். அப்படியே இரட்டிப்பானவற்றைக் கண்டுபிடிக்க டூப்குரு என்ற மென்பொருள் இருக்கிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் 'டூப்ளிகேட்ஸ்' என்ற ஆல்பமே உண்டு. ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுத்திருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். ரசீது, பார்க்கிங் இடம், வைஃபை கடவுச்சொல் ஆகியவற்றின் படங்கள் போகலாம். சூரிய அஸ்தமனப் படங்களை நான் தயங்காமல் நீக்கச் சொல்வேன்.

ஆனால் ஆட்கள் இருக்கிற படங்களில் கை மெதுவாகப் போகட்டும். கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது என்று தள்ளாதீர்கள். அப்பா திண்ணையில் பேப்பர் படிப்பது, அம்மா அடுப்படியில் திரும்பிப் பார்ப்பது, இடிப்பதற்கு முன் இருந்த பழைய வீட்டின் கூடம்: இவை எடுத்தபோது ஒன்றுமில்லாதவையாகத் தெரியும். பதினைந்து வருடம் கழித்து மீட்டுத் தர முடியுமா என்று கண் கலங்கக் கேட்பது இந்தப் படங்களைத்தான்; ஊட்டியில் பூ முன்னால் நின்று எடுத்த படத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யாராவது பேசுகிற வீடியோ என்றால், படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், குரலுக்காக வைத்துக்கொள்ளுங்கள். இடம் வேண்டுமென்றால் அரை மணி நேர மேடை நிகழ்ச்சி வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 1080பிக்குச் சுருக்கலாம். சுருக்கிய ஃபைலில் எடுத்த தேதி பெரும்பாலும் நிற்காது, பெயரிலேயே தேதியை எழுதிவிடுங்கள்.

இப்போது ஃபோனுக்குத் திரும்புவோம். இரண்டு டிஸ்க்கும் தயார், ஒன்று வெளியே போய்விட்டது என்ற நிலையில், கடைசி ஒரு வருடப் படங்களை ஃபோனிலேயே விட்டுவிட்டு அதற்கு முந்தையதை எடுத்துவிடலாம். கூகுளில் பிரதி இருந்தால் அந்தப் பழைய படங்களைத் தேர்ந்து 'டெலீட் ஃப்ரம் டிவைஸ்' கொடுங்கள், வெறும் 'டெலீட்' அல்ல; 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் கடைசி வருடப் படங்களும் சேர்ந்து போய்விடலாம். கூகுளில் பிரதி இல்லாத படங்களுக்குச் சாதாரண 'டெலீட்' போதும். நீக்கியதும் குப்பைத்தொட்டியை உடனே காலி செய்யாமல், ஒரு வாரம் விட்டுவைக்க முடிந்தால் நல்லது.

மறுபடி நிறையாமல் இருக்க மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். வீடியோவை 1080பிக்கு வையுங்கள், 4கேயை முக்கியமான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் ஐஃபோன் கேமரா அமைப்பில் 'ஹை எஃபிஷியன்சி' இருக்கிறதா பாருங்கள். ஜேபெக்கைவிட ஏறக்குறைய பாதி இடம்தான் எடுக்கும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாக எடுத்தவற்றை டிஸ்க்கில் சேர்த்தால் ஒரு மணி நேர வேலைதான்.

இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் நீக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரியவர்கள் யாருடைய கணக்கிலாவது குடும்பப் படங்கள் இருந்தால், 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற வசதியில் உங்கள் மின்னஞ்சலை அவர்கள் கையாலேயே சேர்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் எங்கே இருக்கிறது, லேப்டாப் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியால்) பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எது என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.

கேள்வியில் கேட்கவில்லை, ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்யாணத்துக்கு ஸ்டுடியோ கொடுத்த டிவிடியோ பென்டிரைவோ பீரோவில் இருக்கும். வீட்டில் எரித்த டிவிடிகளின் சாயப்பூச்சு நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும். ஒரு நாள் வரை படிக்கும், அடுத்த நாள் படிக்காது. இந்த ஞாயிறு ஃபோனைக் காப்பி செய்யும்போதே அதையும் அதே டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். படிக்கவில்லை என்றால் ஸ்டுடியோவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அசல் ஃபைல்களை அவர்கள் இன்னும் வைத்திருக்க வாய்ப்புண்டு, நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறையும்.